வாடி சேரின் பாலைவனம்

ஆக்லாந்தில் பெய்கிற மழையைத் தன் சொந்த அவமானமாக எடுத்துக்கொண்ட ஒரே மனிதர் வாடி சேர்தான்.

தொண்ணூறுகளின் நடுவில், நகரத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்த பொறியியல் அலுவலகத்தில் நான் படம் வரைபவனாகச் சேர்ந்தேன். மூன்று மாதம் பார்ப்பார்கள். சரிவந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் மறுபடியும் நகரத்தின் தெற்கு ஓரத்தில், மனுரேவாப் பொருட்கிடங்கில் பெட்டி அடுக்க வேண்டியதுதான். மன்னாரில் மீன் பிடிக்கிற எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அதனால் எனக்கொரு வியாதி. விளங்காததை விளங்கவில்லை என்று சொல்ல மாட்டேன். சொன்னால் படித்ததெல்லாம் பொய் என்று கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயம்.

அங்கே முதல் நாளே எனக்கு எதுவும் விளங்கவில்லை. வெளியே மழை கொட்டுகிறது. உள்ளே எல்லாரும் அரபு நாட்டில் ஏதோ ஒரு பாலைவன நகரத்துக்கு வெள்ளம் வடிய வழி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மழையே இல்லாத ஊருக்கு எதற்கு வடிகால்? கேட்கவில்லை. மனேஜர் என் தோளைத் தட்டி, "வோடியோடு கவனம். வருடக்கணக்காகச் சும்மா கிடக்கும். ஒரு நாள் கிளம்பினால் ஊரையே உடைக்கும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். வோடி என்பது யாரோ கோபக்கார வாடிக்கையாளரின் பெயர் என்று நினைத்து, இரண்டு கிழமை வாசல் கதவில் ஒரு கண் வைத்திருந்தேன்.

வாடி சேருக்கு என் பக்கத்து மேசை. நாகர்கோவில்காரர். ஜன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்.

"இதெல்லாம் ஒரு மழையா தம்பி? சொல்லாம கொள்ளாம தினம் வந்து டீ குடிச்சிட்டுப் போற சொந்தக்காரன் மாதிரி! மழைன்னா எப்பவாவது ஒரு தடவை வரணும். வந்தா ஊரே எந்திரிச்சு நிக்கணும்!"

"ஓம் சேர். நீங்கள் பாலைவனத்தில கன காலம் இருந்தனீங்களோ?"

"நானா? பாத்ததே இல்ல. போட்டோவுல பாத்திருக்கேன்."

ஒரு நாள் மதியம் அலுவலகச் சமையலறை அடுப்புக்குள் எதையோ வைத்துச் சுட்டார். கேக் என்று நம்பி எல்லோரும் தட்டோடு கூடிவிட்டோம். வெளியே வந்தது களிமண். ஆக்லாந்தில் மண் காயவே மாட்டேன் என்கிறதாம், ஆகவே சுட்டாராம். தட்டைச் சரித்துப் பிடித்து ஒரு கெண்டி தேநீரை அதன்மேல் ஊற்றினார். அது நேராக ஓடி மனேஜரின் சாண்ட்விச்சில் விழுந்தது.

"பாத்தீங்களா? காஞ்சு இறுகின மண்ணு குடிக்காது! அப்படியே ஓட விட்டுடும்!"

பாலைவனத்துக்கு ஏன் வடிகால் என்பது எனக்கு விளங்கியது அன்றைக்குத்தான். ஆனால் அவர் வாய்க்கு வாய் சொல்லித் தன் பெயராகவே ஆக்கிக்கொண்ட ‘வாடி’ மட்டும் விளங்கவில்லை. வரவேற்பு மேசையில் ஒரு மலேசியத் தமிழ்ப் பெண் இருந்தார். அச்சாகி வரவேண்டிய வரைபடம் வந்ததா என்று கேட்க, வாடி சேர் படிக்கட்டிலிருந்தே கத்தினார்:

"வாடி! வந்தாச்சா, வாடி?"

"யாரை அங்கிள் வாடி போடின்னு கூப்பிடுறீங்க? எங்க வீட்டுக்காரரே அப்படிக் கூப்பிட்டதில்ல லா!"

"ஐயோ, உன்னை இல்லம்மா. ஆத்தைச் சொன்னேன்!"

"எங்க ஆத்தாவை எதுக்கு இழுக்குறீங்க?"

எனக்கும் அது ஆத்தா என்றுதான் கேட்டது. வாசகருக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: அரபியில் வாடி என்றால், மழை வந்தால் மட்டும் ஓடுகிற வறண்ட ஆறு. மனேஜரின் வாயில் அதுதான் வோடி. எங்கள் மன்னாரிலோ வாடி என்றால் மீன்பிடிக்காரர் கரையில் போட்டுத் தங்குகிற கொட்டில். எங்கள் அப்பாவுக்கே ஒன்று இருந்தது. பாலைவனத்துக் கொட்டில்கள்மேல் இந்த மனிதருக்கு ஏன் இத்தனை அக்கறை என்று யோசித்தேன். வழக்கம்போலக் கேட்கவில்லை.

என் மூன்றாவது மாதத்தில், ஒரு வெள்ளிக்கிழமை, விமானத்திலிருந்து எடுத்த பெரிய படமொன்றை என் மேசையில் விரித்தார்.

"தம்பி, இதுல இருக்கிற வாடி அத்தனையும் நீலத்துல போட்டுடுங்க. ஒண்ணு விடக் கூடாது. செவ்வாய்க்கிழமை அந்த ஊர் அதிகாரிங்க வர்றாங்க."

"சின்ன வாடியும் போடவோ சேர்?"

"சின்னதுதான் தம்பி ரொம்ப ஆபத்து!"

பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். கொட்டில் என்று பட்ட எதையும் விடவில்லை. நிரந்தரக் கடிதம் கையில் வந்த மாதிரியே இருந்தது.

செவ்வாய்க்கிழமை, வந்தவர்களுக்கு முன்னால் படத்தை விரித்தார்கள். சின்னமுத்து அம்மை போட்ட பிள்ளையின் முதுகுபோல எங்கும் நீலப் புள்ளி. ஆற்றைக் காணோம்.

"வோடி எங்கே? இதெல்லாம் என்ன?" என்றார் மனேஜர்.

"கொட்டில்கள்" என்றேன். மனுரேவாப் பெட்டிகள் கண்ணுக்குள் வந்து அடுக்கடுக்காக நின்றன.

"கொட்டில்களைக் குறிக்கச் சொன்னது யார்?"

வாடி சேர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், படத்தின்மேல் கவிழ்ந்தார். ஒரு விரல் புள்ளி புள்ளியாக நகர்ந்தது. பாதிப் புள்ளிகள் ஒரே கோணல் வரிசையில் கிடந்தன. நகரத்து வெள்ளம் முழுவதையும் திருப்பிவிட நாங்கள் போட்டிருந்த புது வாய்க்காலின் பாதை அது. பழைய வரைபடத்தில் அந்த இடம் வெறும் நிலம்.

"இங்கே ஆட்கள் இருக்கிறார்களா?" என்று வந்தவர்களிடம் கேட்டார்.

அவர்களில் ஒருவர் மெதுவாக, "கூலியாட்கள். குடும்பத்தோடு" என்றார்.

வாடி சேர் நிமிர்ந்து மனேஜரைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார்:

"குறிக்கச் சொன்னது நான்தான். தெளிவாகச் சொன்னேன். தமிழில்."

வாய்க்காலைக் கிழக்கே திருப்பினோம். எல்லாப் படமும் புதிதாக வரைய வேண்டி வந்தது. அந்த மாதக் கடைசியில் எனக்கு நிரந்தரக் கடிதமும் வந்தது. அன்றைக்குத்தான் என்னைப் பிடித்துக் கேட்டார்:

"ஏன் தம்பி, உங்க ஊர்ல வாடின்னா என்ன?"

சொன்னேன்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"விளங்கேல்லை எண்டு சொல்ல வெட்கம் சேர்."

"நான் மட்டும் என்ன, பாலைவனத்தைப் பாத்தவனா?" என்றார்.

இரண்டு வருடம் கழித்து, கட்டி முடித்ததைச் சரிபார்க்க அவரையே அந்த ஊருக்கு அனுப்பினார்கள். போன மூன்றாம் நாள் ஒரு ஃபேக்ஸ் வந்தது. அவருடைய கையெழுத்தில் இரண்டே வரி:

"வாடி ரெண்டு கரையும் தொட்டு ஓடுது. வாடி ஒண்ணுகூட நனையல."

மனேஜர் என்னவென்று கேட்டார். ஆங்கிலத்தில் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. "அங்கே மழையாம்" என்றேன்.

பக்கத்து ஊர்க்காரரும் வடிகால் போடக் கூப்பிட, அவர் அங்கேயே தங்கிவிட்டார். அவர் மேசை இப்போது எனக்கு. ஃபேக்ஸ் எழுத்து மங்கிப்போகும் என்றார்கள். போட்டோகாப்பி எடுத்து ஒட்டி வைத்திருக்கிறேன். இதை எழுதும்போதும் வெளியே மழைதான். நாற்காலியை மட்டும் நான் இன்னும் ஜன்னல் பக்கம் திருப்பவில்லை.