நார்ப்பெட்டி மைனியும் முந்திக்கொண்ட கெட்டிமேளமும்

என் மூத்த மகளின் கல்யாணத்தன்று காலை ஏழே கால் மணிக்கு எல்லாம் கெடத் தொடங்கியது. தெருமுனையில் நார்ப்பெட்டி மைனியின் தலை தெரிந்தது அப்போதுதான். வருடங்கள் ஓடிவிட்டன. ஆனாலும் எந்தப் பந்தலில் கெட்டிமேளம் கேட்டாலும் என் கண் இன்றைக்கும் தெருமுனைக்குத்தான் ஓடுகிறது.

ஒரு பெண்பிள்ளை வருவதைக் கண்டு பெண்ணைப் பெற்றவன் ஏன் நடுங்கவேண்டும் என்று கேட்பீர்கள். பூதப்பாண்டியில் எங்கள் தெருவில், மைனியின் அனுமதி இல்லாமல் யாரும் செத்ததில்லை. அந்தச் சட்டத்தை மீறியவள் அவள் ஒருத்திதான். போன பங்குனியில் கோயிலுக்குப் போய்த் திருநீறு வாங்கி வந்து படுத்தவள், யாரையும் கேட்காமல் போய்விட்டாள்.

எனக்கு அண்ணன் முறையாகும் ஒருவரின் மனைவி, அதனால் மைனி. நாளடைவில் தெருவுக்கே மைனியானாள். இடுப்பில் எப்போதும் ஒரு நார்ப்பெட்டி. உள்ளே சுக்கு, ஓமம், திருநீறு, பழந்துணி, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கோடித் துணி. காய்ச்சல் வீடு, பிரசவ வீடு, சாவு வீடு எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பெட்டிதான். ஆகவே பெட்டியும் கையுமாக அவள் தெருவில் இறங்கினால், அவரவர் வீட்டுக் கிழவர்களுக்கு மூச்சு இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார்கள்.

"மைனி, எங்க வீட்டுக்கா?"

"ஒங்க வீட்டுல என்ன கெடக்கு? எதுத்த வீட்டுப் பிள்ளைக்கு மாந்தமாக்கும்."

கேட்டவர் நிம்மதியாகத் திரும்பப் படுத்துக்கொள்வார்.

இத்தனைக்கும் தன் வீட்டை அவள் விட்டுக்கொடுத்ததில்லை. புருஷனுக்கு, அதாவது எங்கள் அண்ணாச்சிக்கு, மத்தியானச் சோறு அவள் கையால்தான் விளம்பவேண்டும். வேறு வீட்டில் மாட்டிக்கொண்ட நாட்களில் தூக்குவாளியை அங்கேயே கொண்டுபோய்விடுவாள். அண்ணாச்சி ஒப்பாரி கேட்கும் திசையில் நடந்து, சாவு வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி உட்கார்ந்து, தன் வீட்டு அவியலைச் சாப்பிட்டுவிட்டு வயலுக்குப் போவார்.

கடவுளிடமும் அவளுக்கு இதே அதிகாரம்தான். விடியற்காலையில் சிவன் நடையில் நின்று அவள் பேசுவது குளக்கரை வரைக்கும் கேட்கும்.

"நேத்தே சொன்னேம்லா? அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் எறங்கணும்னு. இன்னிக்கும் வந்து சொல்ல வச்சிட்டீரே! எனக்கு வேற சோலி கெடையாதா?"

பூசை செய்யும் போத்தி பயந்துபோய்த் தீபாராதனையைச் சீக்கிரமே காட்டிவிடுவார்.

இப்போது கல்யாணத்துக்கு வருகிறேன். முகூர்த்தம் எட்டு மணிக்கு. மாப்பிள்ளை வீட்டார் அருமனைக்காரர்கள். சம்பந்தி முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "இந்த முகூர்த்தம் தப்பிச்சுன்னா பின்ன இந்த ஜாதகம் சேராது கேட்டேளா. நாங்க வேற எடம் நோக்கிக்கிடுவோம்." அந்த நேரம் பார்த்து என் பெரியப்பா, பக்கத்து ஊரில் மகன் வீட்டில், கஞ்சி இறங்காமல் கிடந்தார். தாலி ஏறுமுன் அவர் கண்ணை மூடினால் எங்களுக்குத் தீட்டு. கல்யாணம் நின்றுபோகும். ஒரு வாரமாக எனக்கு உறக்கமில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் மைனி பெட்டியைத் தூக்கினாள்.

"பந்தலுக்கு நீ பொறுப்பு தம்பி. மாமாவுக்கு நான் பொறுப்பு. பிள்ளை கழுத்துல தாலி ஏறுத வரைக்கும் அவரை நான் அனுப்ப மாட்டேன். அவரு பக்கத்தை விட்டு அசையவும் மாட்டேன், போ."

அப்படிச் சொன்ன மைனிதான் ஏழே காலுக்குத் தெருமுனையில் தனியாக வருகிறாள். இடுப்பில் பெட்டி. வேகமான நடை. காவலை விட்டு அவள் கிளம்பியிருக்கிறாள் என்றால் வேறு என்ன அர்த்தம்?

என் மனைவியின் முகம் வெளுத்துவிட்டது. "அத்தான், அவ வாயைத் திறக்கப்பிடாது!"

அமங்கலச் சொல் காதில் விழாமல் இருக்கத்தானே கெட்டிமேளம்? தவில்காரரிடம் ஓடினேன்.

"அடியும் வே, கெட்டிமேளம்!"

"நேரம் ஆகலியே அண்ணாச்சி."

"நேரத்தை நான் பாத்துக்கிடுதேன். நீரு அடியும்!"

அடித்தார். பந்தல் அதிர்ந்தது. பெண்டுகள் குரவையிட்டார்கள். முன்வரிசைக் கிழவர் ஒருவர் அட்சதையை அள்ளி வீசிவிட்டார். மாப்பிள்ளைப் பையன் சொன்னபடி கேட்கிறவன். சட்டென்று தாலியைக் கையில் எடுத்துவிட்டான். புரோகிதர் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

சம்பந்தி என் காதில் கத்தினார்: "என்னவாக்கும் ஓய் இது? வீட்டுப் பொரைக்குத் தீ பிடிச்சுதா?"

அதற்குள் மைனி பந்தலுக்குள் வந்துவிட்டாள். வாயைத் திறந்தாள், நான் கையை உயர்த்தினேன், மேளம் ஏறியது. மூடினாள், மேளம் தணிந்தது. மறுபடி திறந்தாள், மறுபடி மேளம். தவில்காரருக்கு வியர்வை ஊற்றியது. எனக்குக் கண்ணீர் ஊற்றியது. என் மகள் மணையில் உட்கார்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

கடைசியில் மைனி நேராகப் போய், நார்ப்பெட்டியைத் தவிலின் மேல் வைத்தாள். மேளம் நின்றது.

"ஒரு நாற்காலி கேக்கதுக்கு என்னைய இந்தப் பாடு படுத்துதியே தம்பி! நேத்து ராத்திரியே மாமா கஞ்சி குடிச்சாச்சு. 'பிள்ளை கல்யாணத்தைக் காணாம போமாட்டேன்'னு விடிய விடிய ஒரே அழுகை. குளிப்பாட்டிக் கூட்டிட்டு வந்தா, தெருமுனையில ஒன் வாழைமர வளைவுக்குள்ள வில்வண்டி நுழையல்ல. வெயிலு ஏறுகதுக்குள்ள தூக்கிட்டு வரணும்லா?"

சம்பந்தி தாம் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தாமே தூக்கிக்கொண்டு ஓடினார்.

நாற்காலியை அண்ணாச்சி ஒரு பக்கமும் சம்பந்தி ஒரு பக்கமும் பிடிக்க, வெள்ளை வேட்டியும் நெற்றி நிறையத் திருநீறுமாகப் பெரியப்பா வந்து சேர்ந்தார். சரியாக எட்டு மணிக்குத் தாலி ஏறியது. எல்லாரும் என் மகளைப் பார்த்தார்கள். மைனி மட்டும் நாற்காலிக்குப் பின்னால் நின்று, பெரியப்பாவின் தோளை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள்.

மேளம் ஓய்ந்ததும் கையை எடுத்துவிட்டு, அவர் காதருகில் குனிந்து சொன்னாள்:

"கண்டாச்சுல்லா மாமா? இனி ஒம்ம இஷ்டம். ஆனா பாயசம் குடிக்காம போகப்பிடாது."