தோற்கத் தெரியாத அழுங்கு

ஒரு காட்டில் விலங்குகள் எல்லாம் வளையும் பொந்துமாக நிம்மதியாக வாழ்ந்தன என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அந்தக் காட்டில் ஒரு பட்டா அலுவலகம் திறந்துவிட்டார்கள். "பதினைந்து நாளுக்குள், வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு முன், பட்டா வாங்காத வளைகள் கேட்கிற முள்ளம்பன்றிக்குக் கொடுக்கப்படும்" என்று மருதமரத்தில் அறிவிப்பு ஒட்டினார்கள்.

அருளாந்து என்ற அழுங்கு அதை மூன்று தரம் படித்தது. உடம்பெல்லாம் செதிலோடு, கரையான் தின்று வாழ்கிற, யாராவது கொஞ்சம் உரக்கப் பேசினாலே பந்தாகச் சுருண்டுகொள்கிற கூச்சப் பிராணி அது. பதினொரு வருஷம் தோண்டிய வளை. வாசலிலிருந்து படுக்கை வரை முப்பத்தேழு அடி. அதை விட்டால் போக்கிடம் கிடையாது.

அன்றைக்கே விண்ணப்பத்தோடு நான்காம் ஜன்னலுக்குப் போனது. உள்ளே எழுத்தர் கோதண்டபாணி என்கிற கரடி சீட்டாடிக்கொண்டிருந்தது. எதிரில் ஆளில்லை. இரண்டு பக்கத்துக்கும் தானே ஆடியது.

"எதிர்ல உக்காந்து ஆடத் தெரியுமா?"

"தெரியாதுங்க ஐயா."

"அப்ப நாளைக்கு வா."

ஒன்பது நாள் போனது. ஒன்பது 'நாளைக்கு வா' வாங்கி வந்தது.

அதே வரிசையில் மரப்பொந்துக்குப் பட்டா கேட்டு நின்ற மரநாய் சின்னாண்டி சிரித்தது. "அண்ணே, சீட்டு கத்துக்காம இங்க சீல் விழாது. முன்னெல்லாம் நானும் அவரோட ஆடுவேன். ஒருதரம் வால்ல ஆஸை ஒளிச்சு வச்சேன், அதுலேர்ந்து என்னைச் சேத்துக்கறதில்ல."

அலுவலகச் சீட்டுக்கட்டில் ஐம்பத்திரண்டு சீட்டு இருந்ததாம். இருபத்தெட்டைக் கரையான் தின்றுவிட்டது. "அந்தக் கரையானை நீங்க தின்னிருப்பீங்க. பாதிக் கட்டு உங்க வயித்துலதான்ணே கிடக்குது," என்றது மரநாய். மீதி, ஒன்பதிலிருந்து ஆஸ் வரை, நான்கு வகையிலும் ஆறாறு சீட்டு. அழுங்குக்குக் கற்றுக்கொடுக்க மரநாய் அதேபோல ஒரு சீட்டுக்கட்டை இலைகளில் கீறி எடுத்து வந்தது.

ஆட்டம் இதுதான். ஆளுக்கு ஆறு சீட்டு. பன்னிரண்டு நடுவில் கவிழ்ந்திருக்கும். ஒருவர் ஒரு சீட்டு இறக்கினால் மற்றவர் அதே வகையில் போட வேண்டும். பெரிய சீட்டு இரண்டையும் எடுக்கும். அது ஒரு பிடி. கையில் அந்த வகை இல்லாவிட்டால் துருப்பு வகையால் வெட்டலாம். பிடிக்குப் பிடி நடுவிலிருந்து ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். மொத்தம் பன்னிரண்டு பிடி.

கற்க ஆரம்பித்த ஐந்தாம் நாள் அழுங்கு மெதுவாகக் கேட்டது. "நடுவுல சீட்டு தீர்ந்ததும் பன்னெண்டு போயிருக்கும். ஆறு என் கையில. அப்ப மீதி ஆறும் உங்கிட்டதானே தம்பி?"

"ஆமா."

"இஸ்பேட் ராஜா, கிளாவர் பத்து..." என்று ஆறையும் சொன்னது.

மரநாய் இலைகளைக் கீழே வைத்தது. "உங்களோட ஆடறதும் எக்ஸ்ரே எடுத்துக்கறதும் ஒண்ணுதாண்ணே. போங்க, பட்டா உங்களுக்குத்தான்."

வெள்ளிக்கிழமை காலை அழுங்கு கரடிக்கு எதிரில் உட்கார்ந்தது. ஒன்பதுக்கு மூன்று என்று ஜெயித்து, விண்ணப்பத்தைப் பணிவாக நீட்டியது.

கரடி அதைத் திருப்பித் தள்ளியது. "தோத்த கையால கையெழுத்து போட்டா எங்க வம்சத்துக்கே ஆகாது. நான் ஜெயிச்சப்புறம் பார்ப்போம். சீட்டைக் கலை."

அழுங்குக்கு அப்போதுதான் உறைத்தது. ஜெயிக்க ஐந்து நாள் படித்தது. தோற்க ஒரு மணி நேரம்கூடப் படிக்கவில்லை.

தோற்கப் பார்த்தது. கிளாவர் ஒன்பதை இறக்கியது. அதைவிடச் சின்னச் சீட்டு கட்டிலேயே இல்லை. கரடி கிளாவர் ராஜாவைக் கையில் வைத்துக்கொண்டு டைமன் பத்தைப் போட்டது.

"ஐயா, கிளாவர் இருந்தா..."

"இருந்தா? ராஜாவைப் போய் ஒன்பதுக்குச் செலவு பண்ணுவாங்களா? பத்திரமா வச்சிருக்கேன்."

பிடி அழுங்குக்கே வந்தது. கரடியைப் போலத் தானும் வகை மாற்றிப் போடலாம் என்று நினைத்தது. நகம் வரைக்கும் வந்த சீட்டு, விதி ஞாபகம் வந்து திரும்பப் போனது. காலையிலிருந்து மொத்தம் ஏழு ஆட்டம் முடிந்தது. ஏழும் அழுங்குக்கு. வரிசையில் நாற்பத்து மூன்று பேர். மணி நாலு இருபது.

மரநாய் பின்னாலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு பேசியது. "தோத்துத் தொலைங்கண்ணே. பொந்து போனா நான் உங்க வளைக்குத்தான் குடிவருவேன். குடும்பத்தோட."

அழுங்கு பாதி சுருண்டது. அந்தப் பாதிச் சுருளுக்குள்ளிருந்தே, தன் வாழ்நாளில் முதல் தரமாக, இல்லாத ஒன்றைச் சொன்னது.

"ஐயா, சுற்றறிக்கை நூத்துப் பதினேழு வந்திருக்குமே."

கரடி எந்தச் சுற்றறிக்கையையும் படித்ததில்லை. படிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டதும் இல்லை. "வந்துச்சு, வந்துச்சு. பார்த்தேன். என்ன சொல்லுது அது?"

"இனிமே கம்மியா பிடி எடுத்தவங்கதான் ஜெயிச்சவங்களாம்."

கரடி காதைச் சொறிந்தது. "எந்தத் தேதியிலிருந்து அமல்?"

"முன்தேதியிட்டுங்க ஐயா. இன்னைக்குக் காலைலேர்ந்து."

கரடி விரல் விட்டு எண்ணியது. ஏழு ஆட்டம், ஏழு வெற்றி. அதன் முகம் பலாப்பழம் பிளந்தது போல மலர்ந்தது. ஜெயித்த கை சூடு ஆறுவதற்குள் நாற்பத்து நான்கு விண்ணப்பத்திலும் கையெழுத்துப் போட்டு முடித்தது. ஐந்து மணிக்கு எட்டு நிமிஷம் இருந்தது.

மறுநாள் மரநாய் வளை வாசலில் வந்து நின்றது. "அண்ணே, மருதமரத்துல ஒட்டியிருக்காங்க. காட்டுலயே மட்டமான ஆட்டக்காரர்னு உங்க பேரு. ஏழு ஆட்டத்துல ஏழு தோல்வி."

"ஏழுன்னுதானே போட்டிருக்காங்க?"

"ஆமா."

"எண்ணிக்கை சரிதான்," என்று சொல்லிவிட்டு அழுங்கு முப்பத்தேழு அடியும் உள்ளே நடந்து போய்ப் படுத்துக்கொண்டது.

நீதி: ஆட்டத்தை நன்றாகக் கற்றவனுக்கு வெற்றி கிடைக்கும், யாரும் படிக்காத சுற்றறிக்கைக்கு எண் சொல்லத் தெரிந்தவனுக்கு வீடு கிடைக்கும்.