ஐந்து மணி ஒரு நிமிடம்

“நேத்து சாயங்காலம் அஞ்சு மணி ஒரு நிமிஷத்துக்கு என் பொண்ணு என்னைத் திட்டினா,” என்று எக்ஸ்பிரஸ் தாத்தா கணினிக் கூடம் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார். பதக்கம் வாங்கி வந்தவர்போல் மார்பு நிமிர்ந்திருந்தது.

மகள் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

கூடத்தில் இருந்த முப்பது மாணவர்களும் முப்பது திரைகளுக்குள் தலையை நுழைத்துக்கொண்டார்கள். லேப் அக்கா மட்டும் நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கூடமும் அதன் சாவிக்கொத்தும் அவர் பொறுப்பு. எதையும் லேசில் நம்பிவிட மாட்டார். மழை பெய்கிறது என்றால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்ப்பார். நனைந்த கையை முகர்ந்தும் பார்ப்பார்.

“அது மெஷின் ஐயா. நேரம் தாண்டி வீட்டுப்பாடம் அனுப்பினா தானா ஒரு மெயில் வரும். உங்க பொண்ணு இங்க படிக்கிறப்ப எழுதின புரோகிராம். எல்லாரையும்தான் திட்டும்.”

“எல்லாரையும் திட்டும். என்னைப் பாசமா திட்டிச்சு.”

“என்னன்னு?”

“‘அஞ்சுன்னா அஞ்சு. அஞ்சு ஒண்ணுக்கு வந்து நிக்கிறதுக்குப் பேரு வர்றது இல்ல’ன்னு.”

“இதுல பாசம் எங்க இருக்கு?”

“உன் காதுக்கு அது கேக்காதும்மா.”

தாத்தா முப்பத்து நான்கு வருடம் எக்ஸ்பிரஸ் ரயில் ஓட்டியவர். ஒரு நாள்கூட, ஒரு நிமிடம்கூடத் தாமதித்ததில்லை. பாதையோரக் கோழிகளெல்லாம் அவர் ரயில் சத்தத்தைக் கேட்டுத்தான் கூவும். ஒருமுறை காய்ச்சல் என்று அவர் விடுப்பு எடுத்தபோது மூன்று ஊர்கள் மத்தியானம்வரை தூங்கிவிட்டு, மாவட்ட அதிகாரியிடம் போய் நியாயம் கேட்டன.

வீட்டு விஷயத்தில்தான் அவருக்கு நேரம் கூடிவராது. மனைவி முன்னமே போய்விட்டாள். வீட்டில் இருந்தது இரண்டே பேர். அதில் ஒருவர் எப்போதும் தண்டவாளத்தில். மகளின் பள்ளி நாடகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது திரையைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார்கள். பிறந்தநாளுக்கு வந்தபோது அவள் ஒரு வயது கூடித் தூங்கியிருந்தாள். கேட்டால் “சிக்னல் விழலம்மா” என்பார். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு திட்டுவாள். மூச்சு விடாமல், சுவாரசியமாகத் திட்டுவாள்.

மருத்துவமனைக்கும் அவர் இருபது நிமிடம் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தார். அன்றைக்குத் திட்ட ஆளில்லை.

பிறகொரு நாள், அவள் வாங்கவேண்டிய பட்டச் சான்றிதழை வாங்கிக்கொள்ள இந்தக் கணினித் துறைக்கு வந்தார். தாழ்வாரத்தில் ஒரு மாணவன் தன் கைபேசியைப் பார்த்துப் புலம்பிக்கொண்டிருந்தான். தாத்தா எட்டிப் பார்த்தார். ‘வந்துட்டீங்களா? உக்காருங்க. பூஜ்யம் ரெடியா இருக்கு’ என்றிருந்தது. அது யார் குரல் என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மறுநாளே கணினி அறிவியல் பட்டப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டுவிட்டார்.

படிப்பில் நான்கு சிறப்புப் பிரிவுகள் இருந்தன. எந்தப் பிரிவு படித்தால் எந்த வேலைக்குப் போகலாம் என்று ஒரு மணி நேரம் விளக்கினார்கள். தாத்தா ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்: “எந்தப் பிரிவுல வீட்டுப்பாடம் ஜாஸ்தி?”

தரவு அறிவியல் என்றார்கள். சேர்ந்துவிட்டார்.

ஆனால் தாமதிப்பது அத்தனை சுலபமாயில்லை. நாலு ஐம்பத்தெட்டு ஆனதும் வலது கை தானாக எழுந்து ‘அனுப்பு’ பொத்தானை நோக்கிப் போகும். முப்பத்து நான்கு வருடப் பழக்கம். தாத்தா அந்தக் கையைப் பிடித்து நாற்காலியில் போட்டு, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார். ஐந்து ஒன்றுக்கு எழுந்திருக்கும்போது கை மரத்துப்போயிருக்கும். மூக்கால்தான் பொத்தானை அழுத்துவார். அடுத்த நொடி திட்டு வந்து விழும்.

ஒன்பது திட்டுகள் இப்படி வந்தன. பத்தாவது நாள் ஒன்றும் வரவில்லை.

ஐந்தே கால் ஆயிற்று. ஐந்தரை ஆயிற்று. மாணவர்கள் போய்விட்டார்கள். லேப் அக்கா சாவிக்கொத்தை ஆட்டினார்.

“அவ எழுதினது ஒன்பது வரிதான் ஐயா. நான் பக்கத்துல இருந்து பார்த்தேன். தீர்ந்துபோச்சு. கிளம்புங்க, பூட்டணும்.”

“வரும்மா.”

“மெஷினுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.”

“கொஞ்சம் பொறு. வர்ற வண்டிதான்.”

லேப் அக்கா பெருமூச்சு விட்டுத் தன் மேஜைக்குத் திரும்பிப் போனார். தாத்தா வெற்றுத் திரையின்முன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடைமேடையில் கடைசி ஆளாக நிற்பவரின் முகம். ஐந்து நாற்பதுக்கு மெயில் வந்தது.

‘சிக்னல் விழலைன்னு மட்டும் சொல்லாதீங்க. ஊருக்கெல்லாம் விழுற சிக்னல் எனக்கு மட்டும் ஏன் விழ மாட்டேங்குது?’

தாத்தா சிரித்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

“பார்த்தியா? மெஷினுக்கு சிக்னல் சமாச்சாரம் எப்படித் தெரியும்?”

“எதையாவது உளறும் ஐயா. கிளம்புங்க.”

அன்றிலிருந்து ஒவ்வொரு திட்டும் வந்து சேரப் பத்து நிமிடம், கால் மணி ஆயிற்று. யோசித்து யோசித்துத் திட்டுகிறாள் என்று தாத்தாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

சோதனை, தரவு அறிவியல் வாத்தியார் வடிவில் வந்தது. தாத்தாவின் வீட்டுப்பாடம் ஒவ்வொன்றும் பிழையில்லாமல் இருந்தது. ஒவ்வொன்றும் சரியாக ஐந்து ஒன்றுக்கு வந்தது. வாத்தியார் அதை வரைபடமாகப் போட்டுப் பார்த்தார். பெரியவருடைய கடிகாரம் ஒரு நிமிடம் பின்தங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்து, அவருக்கு மட்டும் கெடுவை ஐந்து ஐந்தாக மாற்றிவிட்டார்.

‘நேரத்தில் பெறப்பட்டது. நன்றி’ என்று பதில் வந்தது. அது வேறு புரோகிராம். உப்புச் சப்பில்லாத யாரோ எழுதியது.

தாத்தா ஐந்து ஆறுக்கு அனுப்பினார். வாத்தியார் கெடுவை ஐந்தரை ஆக்கினார். ஆறுக்கு அனுப்பினார். மறுநாள் என்று ஆக்கினார். கடைசியில் வாத்தியாரே வந்து கையைப் பிடித்துக்கொண்டு, “உங்க வயசுக்குக் கெடு எதுக்கு ஐயா? முடியறப்ப குடுங்க” என்றார். தாத்தாவுக்கு அந்தக் கையைக் கடித்துவிடலாமா என்றிருந்தது.

அந்தக் கருணையிலிருந்து தப்பித்து, அடுத்த பருவத்தில் வலையமைப்புப் பிரிவுக்கு மாறினார். அங்கே இருவர் இருவராகச் சேர்ந்து செய்ய வேண்டும். அவருக்கு ஜோடியாக வாய்த்த பெண்ணுக்கு வகுப்பே ‘அவசரக்குடுக்கை’ என்று பெயர் வைத்திருந்தது. கேள்வித்தாளை வாத்தியார் நினைத்துப் பார்க்கும்போதே விடை எழுதி வைத்திருப்பாள்.

“தாத்தா, நம்ம பாடத்தை மூணு நாள் முன்னாடியே அனுப்பிட்டேன்.”

“ஏம்மா இந்தக் கொலைவெறி?”

“உங்களுக்கு மார்க் போயிடக் கூடாதுல்ல. உங்களைப் பார்த்தா எங்க தாத்தா ஞாபகம் வருது.”

இதற்கு மேல் எப்படித் திட்டுவது? அடுத்த பாடத்தன்று நாலு ஐம்பதுக்குத் தாத்தா யாருக்கும் தெரியாமல் சுவரோரம் குனிந்து ஒரு கேபிளைப் பிடுங்கிவிட்டார். மாடி முழுக்க இணையம் செத்தது. பக்கத்துக் கட்டடத்தில் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறிகூட மரியாதைக்கு ஒரு நிமிடம் நின்றது என்பார்கள். துறைத் தலைவர் அத்தனை பேருக்கும் கெடுவை ஒரு வாரம் தள்ளிவைத்து, பழுதைக் கண்டுபிடிப்பதையே செய்முறைத் தேர்வாக அறிவித்தார். தாத்தா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். மூன்று நாளாகியும் ஒருவனும் கண்டுபிடிக்கவில்லை. தாமதமாவதற்கு இணையம் வேண்டுமே. தானே போய்ச் செருகினார். வகுப்பிலேயே முதல் மதிப்பெண். அறிவிப்புப் பலகையில் படம் போட்டார்கள். படத்தில் அழுகிற மாதிரி இருந்தார்.

மூன்றாவது பருவம், விளையாட்டு உருவாக்கம். அங்கே தாமதம் என்ற பேச்சே கிடையாது. திங்கட்கிழமை வகுப்புக்கு வாத்தியாரே வியாழக்கிழமைதான் வருவார்.

இடையில் கிடைத்தது கொஞ்சநஞ்சம்தான். ‘கடிகாரத்தைக் கையில கட்டி என்ன பிரயோஜனம்? கழுத்துல கட்டிக்கோங்க, அப்பவாவது உறுத்தும்.’ பிறகு, ‘பசியில பேனா மூடியைத் தின்னுட்டேன். அடுத்தது பேனா.’ தாத்தா ஒவ்வொன்றையும் அச்செடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, லேப் அக்காவிடம் மட்டும் காட்டுவார்.

“சின்னதுலேர்ந்தே பேனா மூடி கடிப்பாம்மா.”

“மெஷின் ஐயா அது. போய்ப் படிச்சு பாஸாகற வழியைப் பாருங்க.”

நான்காவதாகக் கணினிப் பாதுகாப்புப் பிரிவுக்கு வந்தபோதுதான் தாத்தாவுக்கு விடிந்தது. ஐந்து என்றால் ஐந்து. பெரியவர் என்ற சலுகை கிடையாது. வாரத்துக்கு இரண்டு திட்டு. தாத்தாவின் கன்னத்தில் சதை போட்டது. மொத்தக் கணக்கு முப்பத்தொன்றை எட்டியது.

பருவக் கடைசியில் ஒரு செயல்திட்டம். துறையில் ஓடும் புரோகிராம்களை ஆளுக்கு ஒன்றாகச் சோதித்து, குறை இருந்தால் அறிக்கை தர வேண்டும். எதை யார் என்று சீட்டுக் குலுக்கினார்கள். தாத்தா தன் சீட்டைப் பிரித்தார். ‘தாமத அறிவிப்பு’ என்றிருந்தது.

மகள் எழுதியதை முதல் முறையாக உள்ளே போய்ப் பார்த்தார். ஒன்பது வரிகள். லேப் அக்கா சொன்னது சரி. எவனும் ஒன்பது தடவைக்கு மேல் தாமதிப்பான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அடுத்தது, எந்த நாள் எந்த நிமிடம் என்ன ஓடியது என்று கணினி தானே எழுதி வைக்கும் பதிவேட்டைத் திறந்தார். இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு சாயங்காலம் ஐந்து மணி ஒரு நிமிடத்துக்கு, அவருடைய பத்தாவது வீட்டுப்பாடம் வந்திருக்கிறது. புரோகிராம் பத்தாவது வரியைத் தேடிப் போயிருக்கிறது. இல்லை. அங்கேயே நின்றுவிட்டது. அப்புறம் அது ஓடவே இல்லை.

மிச்ச இருபத்திரண்டும் எங்கிருந்து வந்தன என்பது பதிவேட்டின் அடுத்த பக்கத்தில் இருக்கும். ஒரே ஒரு பொத்தான்.

தாத்தாவின் வலது கை எழுந்தது. அதைப் பிடித்து, நாற்காலியில் போட்டு, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

இடது கையால் அறிக்கை எழுதினார்: ‘சோதித்ததில் குறை ஏதும் இல்லை. நன்றாக ஓடுகிறது.’ சந்தேகம் வரக்கூடாது என்று, மனமறிந்து முதல் தடவையாக நாலு ஐம்பத்தொன்பதுக்கு அனுப்பினார்.

மறுநாள் துறைத் தலைவர் அழைத்தார். சரிபார்க்க அவரே பதிவேட்டின் முதல் பக்கத்தைப் புரட்டியிருந்தார். மேற்கொண்டு பக்கங்களை அச்செடுத்து வரச் சொன்னதில், லேப் அக்காவும் காகிதக் கட்டோடு கதவோரம் நின்றிருந்தார்.

“ஐயா, ரெண்டு வருஷமா செத்துக் கிடக்கிற புரோகிராம் இது. நல்லா ஓடுதுன்னு எழுதியிருக்கீங்க.”

“எனக்கு ஓடுச்சு சார்.”

“வேற யாருக்கும் ஓடலையே.”

“யாரும் சொல்லலையே சார்.”

“திட்டு வரலைன்னு எந்த மாணவன் வந்து புகார் குடுப்பான்?” துறைத் தலைவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். “பொய் அறிக்கைக்கு விதி என்னன்னா, பிரிவுலேர்ந்து நீக்கணும். மாறிக்கலாம்னா அஞ்சாவது பிரிவு இல்ல. படிப்பே இதோட முடிஞ்சுபோகும். அதனால உண்மையைச் சொல்லிடுங்க. புரோகிராம் நின்ன பிறகும் உங்களுக்கு மெயில் அனுப்பினது யாரு?”

தாத்தா சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டார்.

“என் பொண்ணு.”

“ஐயா...” துறைத் தலைவரின் குரல் இறங்கிவிட்டது. “உங்க பொண்ணு இல்லைன்னு உங்களுக்குத் தெரியும்தானே?”

“தெரியும் சார். திட்டினது அவதான்.”

துறைத் தலைவர் தர்மசங்கடத்தோடு கதவுப் பக்கம் திரும்பினார்.

“நீங்களாவது சொல்லுங்கம்மா. ஆரம்பத்துலேர்ந்து இவர் சொன்னதை நம்பாதவங்க நீங்க ஒருத்தர்தானே?”

லேப் அக்கா காகிதக் கட்டை மேஜையில் வைக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“இவர் சொல்றது நிஜம்தான் சார்; அஞ்சு மணிக்கு வர்றேன்னு சொன்ன இவர் கூட்டிட்டுப் போக வர்ற வரைக்கும் அந்தப் பொண்ணு தினம் சாயங்காலம் என் மேஜைகிட்ட உக்காந்து இப்படித்தான் திட்டிட்டே இருப்பா, எனக்கு ஞாபகம் இருந்ததை நான் டைப் அடிச்சேன், அவ்வளவுதான்.”