ஜிவ்காவுக்கு மூன்று கோணல்

"ராடே, என் ஹேர் டிரையர் எங்க?"

குளியலறைக் கதவுக்கு வெளியே மனைவி கோர்தானாவின் குரல். உள்ளே, ஒரு கையில் அந்த டிரையரும் மறு கையில் வாலைப் பிடித்துத் தூக்கிய ஒரு செத்த எலிக்குஞ்சுமாக, ராடிசாவ் குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

"தலை காய வச்சிட்டிருக்கேன்."

"உன் தலையில காய வைக்கறதுக்கு என்ன இருக்கு?"

ராடிசாவ் டிரையரை எலிக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனார். ஃப்ரீசரிலிருந்து எடுத்த எலி வெதுவெதுப்பாக இருந்தால்தான் பாம்பு வாயைத் திறக்கும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். எலி பதமாகச் சூடானதும் மகளின் அறைக்குப் போய், கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, இடுக்கியால் ஆட்டிக் காட்டினார். உள்ளே சுருண்டிருந்த பாம்பு ஜிவ்கா அதை ஒருமுறை பார்த்தது. பந்தியில் நாலாவது தடவை பரிமாற வந்தவரிடமிருந்து திரும்பிக்கொள்வதுபோல் தலையைத் திருப்பிக்கொண்டது.

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். இந்தப் பாம்பு ஒரு செத்த எலியைப் பார்த்துப் பின்வாங்கியது.

முட்டையை விட்டு வரும்போதே முதுகெலும்பு வளைந்து வந்த பாம்பு அது. விஷமில்லாத செம்மஞ்சள் வகை. உடம்பின் நடுவில், மிதிபட்ட கம்பிபோல ஒரு கோணல். இதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று கடைக்காரர், ராடிசாவின் மகள் தெயோதோராவிடம் சும்மாவே கொடுத்துவிட்டார். நோஞ்சான் குழந்தைகளுக்குப் பிழைத்துக் கிடக்கட்டும் என்று வைக்கிற ஜிவ்கா என்ற பெயரை அவள் அதற்கு வைத்தாள். வியன்னாவில் நர்ஸ் வேலை கிடைத்து அவள் கிளம்பியபோது, பாம்பு நிஷ் நகரத்து ஐந்தாம் மாடி வீட்டில் அப்பாவிடம் தங்கியது.

"வாரத்துக்கு ஒரு சின்ன எலி, அவ்வளவுதான்ப்பா. அதிகமாப் போனா வளைவுல அடைச்சுக்கும், உசுருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. முடியலன்னா இப்பவே சொல்லிடு. வேற யார்கிட்டயாவது குடுத்துடறேன்."

"முடியும்," என்றார் ராடிசாவ்.

வீடே சிரித்தது. சிரித்தவர்களைக் குறை சொல்ல முடியாது. அவருடையது ராசியில்லாத கை. தங்கமீன், கேனரிக் குருவி, எலுமிச்சைச் செடி என்று அவர் பொறுப்பில் வந்ததெல்லாம் சீக்கிரமே போய்ச் சேர்ந்தன. அவர் வேலை பார்க்கும் நீர்வாரியத்தில், கள்ளிச்செடியையே சாகடித்தவர் என்று பெயர். ஆனால் இந்த முறை மகள் நம்பிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். இந்த ஒன்றையாவது உயிரோடு அவள் கையில் திருப்பிக் கொடுப்பது என்று ராடிசாவ் தீர்மானித்துவிட்டார். அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்தான்.

கோர்தானா முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டாள். "அந்தக் கோணலை நான் கண்ணால பாக்க மாட்டேன். அந்த ரூமுக்குள்ள என் கால் படாது."

எதிர் வீட்டில் குடியிருந்த மாமியார் தேசாங்கா, வாசலில் நின்றபடியே சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். "மாப்ளே, வீட்டுப் பாம்பு வீட்டைக் காக்கும். அது செத்தா வீட்டுத் தலைவனும் கூடவே போயிடுவான். எங்க பக்கம் அப்படித்தான்."

"அத்தை, இது கடையிலேருந்து வந்தது."

"எங்கேருந்து வந்தா என்ன, இப்ப எந்த வீட்டுல இருக்கு?"

வருகிற சனிக்கிழமை வீட்டின் ஸ்லாவா. குலத்தைக் காக்கும் புனித மிக்கேலின் நாள். பாதிரியார் வருவார், சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் சாப்பிட வருவார்கள், தெயோதோராவும் வருகிறாள். ஜிவ்காவோ மூன்று வாரமாக ராடிசாவின் கையிலிருந்து எதையும் தொடவில்லை.

சூடு போதவில்லையோ என்று சந்தேகம் வந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் பெரிய மின்கணப்பு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். சமையலறையில் அடுப்பும் எரிந்துகொண்டிருந்ததால் ஃபியூஸ் போயிற்று. எலக்ட்ரீஷியன் எதற்கு, நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார். அதனால் மறுநாள் வரை மின்சாரம் வரவில்லை. விருந்துக்காக ஃப்ரீசரில் வைத்திருந்த மீனெல்லாம் இளகி ஒழுகியது.

எதைக் காப்பாற்றலாம் என்று பார்க்க வந்த மாமியார் ஓர் ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தார். அங்கே எந்த வீட்டிலும் ஐஸ்கிரீம் டப்பாவில் ஐஸ்கிரீம் இருக்காது, சுட்ட குடைமிளகாய்தான் இருக்கும். இதில் எலி இருந்தது. ராடிசாவ் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தேசாங்கா குனிந்து பார்த்தார். மூடினார்.

"இதையெல்லாம் மீனுக்கு மேல வைக்காதே மாப்ளே. ஒழுகும்."

அத்தைக்குக் கண் சுத்தமாகப் போய்விட்டது என்று ராடிசாவ் நினைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலையில் ராடிசாவ் பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். பழைய கோணலுக்கு முன்னால் புதிதாக ஒரு மேடு. அதற்கும் முன்னால் இன்னொன்று.

"கோர்தானா, ஒரு கோணலோட வந்தது. இப்ப மூணாயிடுச்சு."

மாவு பிசைந்துகொண்டிருந்த கோர்தானாவின் கை நின்றது. "மூணா? சரியாப் பாத்தியா?"

"பாக்காமலா சொல்றேன்?"

"எனக்கென்ன, உன் பாம்பு," என்று அவள் மறுபடி பிசைய ஆரம்பித்தாள். மாவு அந்த அடியைத் தாங்கவில்லை.

வெந்நீரில் விட்டால் கோணல் இளகும் என்று இணையத்தில் யாரோ எழுதியிருந்தார்கள். ராடிசாவ் தொட்டியில் இளஞ்சூடாகத் தண்ணீர் பிடித்து ஜிவ்காவை விட்டார். துண்டை எடுக்கத் திரும்பிய நேரத்தில் அது விளிம்பேறி, தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் நுழைந்துவிட்டது.

அவர் சுத்தியலை எடுத்தார். தொட்டியைச் சுற்றிப் பதித்திருந்த ஓடுகள் உடைந்தன. கூடவே குழாயும் உடைந்தது. நீர்வாரியக்காரர் வீட்டுத் தண்ணீர் கூடத்தைத் தாண்டி மாடிப்படியில் இறங்கியது.

கோர்தானா கணுக்கால் தண்ணீரில் வந்து நின்றாள். "பாம்பு கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"உசுரு இருக்கா?"

"இருக்கு. ஆனா சோர்ந்து கிடக்கு."

"அப்ப ஏன் நிக்கற? டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடு. தண்ணிய நான் பாத்துக்கறேன்."

திட்டு விழாததை எண்ணி ஆச்சரியப்படக்கூட அவருக்கு நேரமில்லை. ஜிவ்காவை ஒரு தலையணை உறையில் போட்டு, கோட்டுக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினார். நவம்பர் குளிர். பாம்பு அசையவே இல்லை. ராடிசாவுக்கு அழுகை வந்துவிட்டது.

"இங்க பாரு," என்று கோட்டுக்குள் குனிந்து சொன்னார். "குருவிய விட்டுட்டேன், மீனை விட்டுட்டேன். உன்னை விடறதா இல்ல. எம் பொண்ணு வர வரைக்கும் இருந்துடு, அது போதும்."

பக்கத்து இருக்கையிலிருந்த அம்மாள் எழுந்து வேறு இடம் தேடிப் போனாள்.

கால்நடை மருத்துவர் ஜிவ்காவை மேசையில் வைத்து, இரண்டு விரலால் மெல்லத் தடவிக்கொண்டே போனார். படம் எடுத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"புதுக் கோணல் எதுவும் இல்ல. இதெல்லாம் சாப்பாடு."

"சாப்பாடா?"

"எலி. ரெண்டு எலி ஒண்ணு பின்னால ஒண்ணா வரிசையில நிக்குது. வளைவுல வழியில்லாம நெரிசல். நல்ல நேரத்துல வந்தீங்க, கொஞ்ச நாள் பட்டினி போட்டா பிழைச்சுக்கும். இன்னும் ஒரு எலி உள்ள போயிருந்தா அவ்வளவுதான்."

ராடிசாவ் நாற்காலியில் சாய்ந்தார். பிழைத்துக்கொள்ளும் என்ற சொல்லைத் தவிர வேறெதுவும் அவர் காதில் ஏறவில்லை.

"வாரத்துக்கு ஒண்ணுன்னுதானே உங்க பொண்ணுகிட்ட சொன்னேன்," என்றார் டாக்டர் கோபத்தோடு. "ஏன் இப்படித் திணிச்சு வச்சிருக்கீங்க?"

"நானா? டாக்டர், மூணு வாரமா இது என் கையால ஒரு வாய் தின்னல. புனித மிக்கேல் சத்தியமாச் சொல்றேன்."

டாக்டர் அவரை நம்பாமல் பார்த்தார். அதுவரை வாசலோரத்தில் பாம்புத் தீனிப் பொட்டலங்களை அடுக்கிக்கொண்டிருந்த உதவியாளர் யாஸ்னா, தயங்கித் தயங்கித் திரும்பினாள்.

"வாரத்துக்கு ஒண்ணுதான் குடுக்கறாங்க, டாக்டர். 'அவரு கையில எதுவும் பிழைக்காது, யாருக்கும் தெரியாம நான்தான் ஊட்டறேன், சொல்லிடாதீங்க'ன்னு இவரு சம்சாரம் திங்கட்கிழமை ஒண்ணு வாங்கிட்டுப் போறாங்க, அதையே சொல்லி மாமியாரும் செவ்வாய்க்கிழமை ஒண்ணு வாங்கிட்டுப் போறாங்க."