தேர் நிலைக்கு வரும் வரை மட்டும்

சீசன் பாயைப் போல் ஒரு அவசரக்காரர் காவிரி பாயும் எந்த வாய்க்கால் கரையிலும் பிறந்ததில்லை. வருஷம் முழுக்க சாதா சோடா, சாதா கலர் விற்றுக்கொண்டு தூங்கி வழிவார். பங்குனி பிறந்து எங்கள் ஊர்த் தேரை மூடியிருந்த கீற்றைப் பிரித்தார்களோ இல்லையோ, மனிதருக்குச் சாமி வந்துவிடும். தேருக்கென்றே புதிது புதிதாகப் பானமும் பலகாரமும் கண்டுபிடிப்பார். தேர் புறப்பட்டதும் விற்பனை ஆரம்பம். நாலு வீதியும் சுற்றி அது தன் பழைய இடமான நிலைக்கு வந்து நின்றதும், மிச்சமிருப்பதை அண்டாவோடு கவிழ்த்துவிடுவார்.

"இன்னும் ரெண்டு நாள் விக்கலாமே பாய்?" என்று கேட்டால் கோபம் வரும்.

"தேர் போன பெறவு தேர் சர்பத் குடிக்கிறவன் மனுசனா தம்பி?"

நான் அப்போது திருவாரூருக்குப் பக்கத்தில் அந்தச் சிற்றூரின் விதை டிப்போவில் குமாஸ்தா. குடியிருந்தது பாய் கடைக்கு மேலே மாடி அறை. ஆகவே அவருடைய கண்டுபிடிப்புகளை முதலில் ருசி பார்க்கும் தியாகி நான்தான்.

கறுப்பு சிவப்புக் கரைவேட்டிகள் ஆட்சிக்கு வந்திருந்த சமயம் அது. மேடைக்கு மேடை அடுக்குமொழி. பாய்க்கும் அந்த ஜுரம் தொற்றிக்கொண்டது. பாலில் தேனைக் கலந்துவிட்டு "தென்றல் தவழும் தேரடித் தேன்பால்" என்பார். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் வாங்க வந்தவனுக்குத் தாகம் இரண்டு மடங்காகிவிடும். ஒரு வருஷம், தேர்ச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து நிறுத்துகிற மரத்துண்டின் பெயரால் "முட்டுக்கட்டை பர்பி" போட்டார். பாகு முற்றிப்போய்விட்டது. கடித்த எனக்குக் கடைவாய்ப் பல் ஆட்டம் கண்டது.

"பல்லுதானே தம்பி ஆடிச்சு, பர்பி ஆடலைல்ல?" என்று பெருமைப்பட்டுக்கொண்டார். அன்று சாயங்காலம் அந்த பர்பியை ஒருவர் நிஜமாகவே மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு முட்டாகக் கொடுத்திருந்தார். வண்டி அசையவில்லை.

நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த வருஷத்துக் கூத்து. ரோஜா எசென்ஸ் போட்டு ரத்தச் சிவப்பில் ஒரு சர்பத் தயாரித்து, கடை வாசலில் சுண்ணாம்பால் எழுதிப் போர்டும் வைத்தார்: "தேர் நிலைக்கு வரும் வரை மட்டும். அதுவரை யார் கேட்டாலும் இல்லை என்பது இல்லை."

முதலில் வந்தவர் பெரிய பண்ணை. கடைக் கட்டடம் அவருடையது. நில உச்சவரம்புக்குப் பயந்து தன் நிலத்தில் பாதியை வீட்டு நாயின் பெயரில் எழுதிவைத்திருப்பதாக ஊரில் பேச்சு. அறுவடைக் கூலியில் அரை மரக்கால் நெல் கூட்டிக் கேட்டு விவசாயத் தொழிலாளர்கள் செங்கொடி பிடித்திருந்ததால், அவருக்குத் தக்காளியைப் பார்த்தாலே ஆகாது.

"என்ன பாய், கடையில செங்கொடியக் கரைச்சு ஊத்துறியாமே?"

பாய் சட்டென்று அண்டாவில் ஒரு சொம்புப் பாலை ஊற்றினார். "இப்ப ரோஸ் கலருங்கய்யா. எந்தக் கட்சியும் இல்ல."

அடுத்த நாள் தேர் புறப்பட்டது. கீழவீதி, தெற்கு வீதி எல்லாம் ஜோராகத்தான் ஓடியது. மேலவீதி முக்கில் வடத்தைப் பொத்தென்று கீழே போட்டார்கள். இழுப்பவர்களில் பாதிப் பேர் அறுவடைக்காரர்கள். அவர்களுக்குத் தலைவி அஞ்சலை, குரலெடுத்தால் நாலு வயலுக்குக் கேட்கும்.

"கூலியப் பேசுங்க, வடத்தத் தொடுறோம்!"

பண்ணை முடியாதென்றார். தேர் முக்கிலேயே நின்றது. அஞ்சலையின் ஆட்கள் தேர் நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். பண்ணை நேரே கடைக்கு வந்தார்.

"அவங்களுக்கு ஒரு கிளாஸ் ஊத்தின, கடையக் காலி பண்ணிடணும். தெரிஞ்சுக்க."

பாய் போர்டைப் பார்த்தார். பண்ணையைப் பார்த்தார். "யார் கேட்டாலும்னு எழுதிட்டேனே ஐயா! நீங்க கேட்டாலும் உண்டுங்க."

உள்ளேயிருந்து பாயின் மனைவி பதறிக்கொண்டு வந்தார். "கடை போனா சோத்துக்கு என்னங்க பண்ணுறது?"

"எழுதினது பொய்யாப் போனா, அந்தச் சோறு எறங்குமா?"

அந்த அம்மாள் அவரை ஒரு முறை முறைத்தார். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு கிளாஸ் கழுவப் போய்விட்டார்.

தேர் நகரவில்லை, சர்பத் ஓடியது. எசென்ஸ் தீர்ந்தது, வெள்ளரிப்பழம் வந்தது. சர்க்கரை தீர்ந்தது, வெல்லம் வந்தது. தேர் பார்க்க வந்த வெளியூர்க் கூட்டம் சர்பத் பார்க்க நின்றது. "இன்னிக்கு என்ன பாய்?" என்று ஊரே விடிந்ததும் கேட்டது. எனக்கோ டிப்போவில் உட்கார்ந்தால் ஏப்பத்தில் வெள்ளரி மணத்தது. கடைசியில் கையில் மிஞ்சியது மாங்காயும் பச்சைமிளகாயும்தான். இரண்டையும் இடித்து வெல்லத்தில் கரைத்து, "மாங்கனி மறவனின் மிளகாய் முழக்கம்" என்று பெயரிட்டார். ருசி பார்த்த நான் மாடிக்கும் கிணற்றடிக்குமாக ஓடினேன்.

"புடிச்சிருக்குல்ல?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் ஓடி வந்தார்.

அன்று நடு வெயிலில் பண்ணை குடையோடு தேரடிக்கு வந்தார். அவரும் அஞ்சலையும் கத்திய கத்தலில் இரண்டு தொண்டையும் வறண்டது. வேறு வழியில்லாமல் பண்ணை கையை நீட்டினார்.

"எனக்கும் ஒண்ணு ஊத்துய்யா."

ஒரே மூச்சில் குடித்தார். கண் பிதுங்கியது. விக்கல் பிடித்துக்கொண்டது. "முடியாது" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். "மு... க்... மு... க்..." என்றுதான் வந்தது.

அஞ்சலை எழுந்து நின்றாள். "கேட்டுக்கங்க எல்லாரும்! நாம அரை மரக்கால் கேட்டோம், ஐயா முழு மரக்கால்ங்கிறாங்க!"

விசில் வானத்தைப் பிளந்தது. பண்ணைக்கு வேர்த்து ஊற்றியது. "அரை! அரை! அரைதான்!" என்று அலறினார். விக்கல் நின்றுவிட்டது. அஞ்சலைக்குக் காது மந்தமா, மூளை கூர்மையா என்று யோசிக்க யாருக்கும் நேரமில்லை. வடத்தைத் தூக்கிவிட்டார்கள்.

தேர் நிலைக்கு வந்தது. பாய் தன் கையாலேயே போர்டைத் துடைத்தார். கண்ணைத் துடைத்தது போர்டு துடைத்த அதே துணியால், முகமெல்லாம் சுண்ணாம்பு. பண்ணை மறுநாளே கடையைப் பூட்டினார். அந்த வாக்கை மட்டும் அவர் மீறவில்லை.

அஞ்சலையின் ஆட்கள் ஒரு தள்ளுவண்டி செய்து கொடுத்தார்கள். அதற்கப்புறம் பாயும் அவர் மனைவியும் ஊர் ஊராகப் போனார்கள். எந்த ஊரில் திருவிழாவோ அந்த ஊரில் சீசன். முடிந்ததும் வண்டி நகர்ந்துவிடும். எங்கள் ஊருக்குப் பங்குனியில் மட்டும் வருவார். வந்ததும் முதல் கிளாஸ் எனக்குத்தான். "குடிங்க தம்பி, இது கொல்லாது" என்பார். கொல்லாமல் விட்டதில்லை.

தேர் நிலைக்கு வந்துவிட்டால் பாய் கிளம்பிவிடுவார். அதனால்தான் ஒவ்வொரு பங்குனியிலும் ஊரே வடத்தை முன்னால் இழுக்க, நான் மட்டும் யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தேன்.