ப்ரூஃப் பத்திரம்

நாணயத்தின் நட்டநடுவில் ஒரு கட்டைவிரல் ரேகை. சின்னவனுக்கு உயிரே போய்விட்டது. ரேகை வேறு யாருடையதுமில்லை, அவனுடையதுதான். தினமும் எடுத்துப் பார்க்காவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது.

"காசுன்னா கை படத்தான் செய்யும்," என்றாள் மனைவி.

"இது காசு இல்ல, ப்ரூஃப்! சேகரிக்கிறவங்களுக்குன்னே அடிச்சது, செலவுக்கு இல்ல. அச்சை நல்லா மெருகேத்தி, ரெண்டு தடவை அடிச்சிருக்காங்க. தலையைச் சுத்திப் பூராவும் கண்ணாடி, தலை மட்டும் பனி படிஞ்ச மாதிரி வெள்ளையா நிக்கும். இதைத் தவிர அப்பா எனக்கு வேற என்ன குடுத்தாரு?"

வாஸ்தவம். வீடு மொத்தமும் அப்பாவின் கையெழுத்தோடு அண்ணன் பெயருக்குப் போயிருந்தது. அந்தக் கையெழுத்தைப் பற்றிச் சின்னவன் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கண்ணை மூடுமுன் அப்பா எல்லோர் எதிரிலும் சொன்னது இவ்வளவுதான்: "சின்னவனே, ப்ரூஃப் உன்கிட்ட இருக்கு. பத்திரம்."

அன்றிலிருந்து அண்ணன் தங்கமாக மாறிவிட்டார். மாடியைச் சும்மாவே குடியிருக்கக் கொடுத்தார். படியில் பார்க்கும்போதெல்லாம், "தம்பி, ப்ரூஃப் பத்திரமா இருக்கா?" என்று விசாரிப்பார். அண்ணனுக்கு நாணயத்தின் மேல் இத்தனை அக்கறையா என்று சின்னவன் உருகிப்போவான்.

பனியன் நுனியால் துடைத்தான். ரேகை போய்க் கீறல் வந்தது. கீறலுக்குப் பற்பசை போட்டான். தலையின் வெண்மை போனது. சோடா உப்பைப் போட்டுத் தேய்த்ததில் தலையும் கண்ணாடியும் ஒரே அழுக்கு நிறமாயின.

"இதை பஸ்ல குடுத்தா கண்டக்டர்கூட வாங்க மாட்டாரு," என்றாள் மனைவி.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா தன்னை நம்பிக் கொடுத்தது அது ஒன்றுதான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அண்ணனிடம் மறைப்பது பாவம் என்று கீழே இறங்கினான்.

"அண்ணே, என்னை மன்னிச்சிடுங்க. ப்ரூஃப் போச்சு. நானே தேய்ச்சு அழிச்சுட்டேன்."

அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்தார். "நிஜமாவா? துளிகூட மிச்சமில்லையா?"

"துளிகூட இல்லண்ணே."

அண்ணன் அவனை இறுகக் கட்டிக்கொண்டார். பிறந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை. "போனாப் போகட்டும்டா. மனசைப் போட்டு அலட்டிக்காதே."

இப்படியும் ஒரு அண்ணனா! சின்னவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பாதிப் படி ஏறியிருப்பான். கீழே சமையலறையிலிருந்து அண்ணியின் குரல் கேட்டது.

"அப்புறமென்ன, மாடியைக் காலி பண்ணச் சொல்லுங்க. மாமா கையெழுத்தை நீங்க போட்டதுக்கு இருந்த ஒரே ப்ரூஃபையும் உங்க தம்பியே அழிச்சுட்டாரே!"