வால்ட்ஸ் ஆடாத கால்

வால்ட்ஸ் ஜோடி நடனம் பழகும்போது மூன்றாவது முறையாகவும் உர்ஹோ தன் மனைவியை அடுப்பில் கொண்டுபோய் இடித்தார்.

"கல்யாண மண்டபத்துல அடுப்பு இருக்காது. அது ஒண்ணுதான் ஆறுதல்," என்றாள் கெர்த்து, முழங்கையைத் தடவிக்கொண்டே.

குற்றம் உர்ஹோவுடையது அல்ல, இடக்காலுடையது. மர ஆலையில் சொந்தக் காலை விட்டுவிட்டு வந்து இருபது வருடமாகிறது. செயற்கைக்கால் அவருக்குப் புதிதில்லை. ஆனால் மூன்று வாரத்துக்கு முன் வாங்கிய இந்தக் கால், இரண்டு நாள் ஒழுங்காக நடந்துவிட்டுப் பிறகு மனம் மாறிவிட்டது. குப்பை கொட்டக் கிளம்பினால் அண்டை வீட்டுப் புதருக்குள் கொண்டுபோய் நிறுத்தியது.

சனிக்கிழமை மகள் சைமிக்குக் கல்யாணம். வழக்கப்படி மணப்பெண் அப்பாவோடு ஒரு வால்ட்ஸ் ஆடியாக வேண்டும்.

கால் தளர்ந்திருக்கிறது என்று முடிவுசெய்து, உள்ளே கம்பளித் துணியை ஒட்டினாள் கெர்த்து. யாருடைய கால் என்று தெரிய அங்கே எழுதியிருந்த எண்ணும் அதோடு மறைந்தது. கால் உயர்ந்தது, உர்ஹோ சாய்ந்த கப்பலைப்போல் நடந்தார். கால் செய்துகொடுத்த பட்டறைக்குப் போனார். அங்கிருந்த ஹெல்வி கால் உயரம் என்று சொல்லி இரண்டு சென்டிமீட்டர் வெட்டினாள். கப்பல் மறுபக்கம் சாய்ந்தது. குதிகாலில் ஒரு கட்டை வைத்தாள். அதன்பின் நாலடிக்கு ஒருமுறை முழங்கால் தானாக மடங்கியது. பல வருடங்களாக முகம் பார்க்காத குடியிருப்புக்காரர்கள்கூட, அவர் வணங்குவதாக நினைத்துத் திருப்பி வணங்கத் தொடங்கினார்கள். உர்ஹோவுக்கு அதுதான் எல்லாவற்றையும்விடச் சங்கடமாக இருந்தது.

"கால்ல ஒரு குறையும் இல்ல. உங்களுக்கு வயசாகுது, அவ்வளவுதான்," என்றாள் ஹெல்வி.

புதன்கிழமை மாலை சைமி போனில் கூப்பிட்டாள்.

"அப்பா, நீங்க உக்காந்தே இருங்க. நான் மாமனாரோட ஆடிக்கிறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

சரி என்றார். போனை வைத்தார். ஜன்னலுக்கு வெளியே ஏரி உறைந்து கிடந்தது. பிறகு துண்டை எடுத்துக்கொண்டு குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இருந்த சௌனாவுக்கு, அந்த நீராவிக் குளியல் அறைக்கு, இறங்கினார்.

புதன் ஆறு மணி அவருக்கும் மூன்றாம் மாடி ஒஸ்மோவுக்கும் உரியது. பதினோரு வருடமாக இருவரும் சேர்ந்தே வியர்க்கிறார்கள். ஒஸ்மோவுக்கும் இடக்கால் இல்லை, சர்க்கரை வியாதி. இருவரும் ஒரே திங்கட்கிழமை, ஒரே பட்டறையில் புதுக் கால் வாங்கினார்கள். அதைப் பற்றியும் பேசிக்கொண்டதில்லை. வெப்பம் ஆகாதென்று கால்களையும் கண்ணாடிகளையும் வெளியே பெஞ்சில் வைத்துவிட்டு, பிடிகம்பியைப் பற்றியபடி தத்தித் தத்தி உள்ளே போவார்கள். சூடு போதுமா என்று ஒருவர் கேட்பார். போதும் என்பார் மற்றவர். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அன்று உர்ஹோவால் அடக்க முடியவில்லை.

"சனிக்கிழமை பொண்ணு கல்யாணம், ஒஸ்மோ. அவளோட ஆடணும். இந்தக் கால் ஆட விடமாட்டேங்குது."

ஒஸ்மோ ஒரு அகப்பை நீரை அடுப்பின் சுடுகல்லின் மேல் ஊற்றினார். ஆவி எழுந்து, கூரையைத் தொட்டு, மெல்ல அடங்கியது. இன்னொரு அகப்பை ஊற்றினார். அதுவும் அடங்கியது.

"ஆடாதுதான்," என்றார் கடைசியில். "அது என் காலு. பெஞ்சுல மாத்தி எடுத்துட்டு மூணு வாரமா நீ மாட்டிக்கிட்டுத் திரியிற, அதை வேற வெட்டி வச்சிருக்க. உனக்குப் பிடிச்சுப்போச்சு போலன்னு நானும் ஒண்ணும் கேக்கல. உன்னோடது நல்லா ஆடும்யா, போன சனிக்கிழமைதான் ஆடிப் பாத்தேன்."